ஜாமீனுக்கு ஒரு கால் குறைந்தது

ஆண்டைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்கடுத்த பொங்கலன்றுதான் எங்கள் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்தது. ஆகவே இது நடந்தது 1968ஆம் ஆண்டு, கார்த்திகை மாதத்தின் கடைசி வாரம். கிழமையையும் சொல்ல முடியும். எங்கள் வாரப் பத்திரிகை வெள்ளிக்கிழமை வெளிவரும். அதில் வந்த செய்திக்காக ஓர் அம்மாள் சண்டைக்கு வந்தது அதற்கடுத்த திங்கட்கிழமை காலை. தேதியை மட்டும் சொல்ல மாட்டேன். அந்த இதழ் இப்போது என்னிடம் இல்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டிக் கணக்குப் போட்டுவிடலாம்தான். ஆனால் பார்க்காததைப் பார்த்ததுபோல எழுதக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

ஓசூரில் அப்போது தொழிற்சாலைகள் கிடையாது. சேலத்திலிருந்து பிரித்து தருமபுரி மாவட்டம் உண்டாக்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பழைய பழக்கத்தில் பாதிப் பேர் சேலம் ஜில்லா என்றே விலாசம் எழுதினார்கள். ஊரைச் சுற்றியிருந்தவர்கள் காலையில் கன்னடத்தில் பால் கறந்து, மத்தியானம் தெலுங்கில் பேரம் பேசி, சாயங்காலம் தமிழில் சண்டை போட்டார்கள். சண்டை முற்றினால் கோர்ட்டுக்கு வந்தார்கள். அங்கே எல்லாம் இங்கிலீஷில் நடந்ததால் யார் ஜெயித்தது என்று தெரிந்துகொள்ள எங்கள் பத்திரிகையை வாங்கினார்கள். எங்கள் வியாபாரம் அந்த இங்கிலீஷை நம்பித்தான் நடந்தது.

நான் பத்திரிகைக்காரன் அல்ல. கோர்ட்டுக்கு எதிரே இருந்த உரக்கடையில் கணக்கு எழுதுபவன். கடை முதலாளிக்கு மற்றவர்கள் வழக்கென்றால் உயிர். தான் போய் உட்கார்ந்தால் மரியாதை இல்லை என்று என்னை அனுப்புவார். நான் கேட்டு வந்து முதலில் அவருக்குச் சொல்வேன். பிறகு அதையே எழுதிக் கடைவீதியில் இருந்த அச்சகத்தில் கொடுப்பேன். அச்சகத்தின் சொந்தக்காரரே பத்திரிகையின் ஆசிரியர்.

ஆசிரியர் சட்டம் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பியவர். பாதிச் சட்டம் படித்தவரிடம் இருக்கும் கறார் முழுதும் படித்தவர்களிடம் இருப்பதில்லை. தீர்ப்பு வராதவரை குற்றவாளி என்று ஒருவரையும் எழுதக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் என்றுதான் எழுத வேண்டும். வக்கீல் வாதாடினார் என்று எழுதலாம், திறம்பட வாதாடினார் என்று எழுதக் கூடாது. இந்தத் ‘திறம்பட’வை உள்ளே நுழைக்க ஊரிலிருந்த வக்கீல்கள் எடுத்த முயற்சியை வழக்குகளில் எடுத்திருந்தால் பல பேர் விடுதலையாகியிருப்பார்கள். ஒருவர் ஆசிரியரிடமே வந்து, “சரி, திறம்பட வேண்டாம். ‘நன்கு’ன்னாவது போடுங்க,” என்று கேட்டார். “எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் ‘நன்கு’ போடட்டுமா?” என்றார் ஆசிரியர். அவர் உடனே கோரிக்கையை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

இவ்வளவு கறாரான பத்திரிகையில்தான் இது நடந்தது.

திங்கட்கிழமை காலை கடை திறக்குமுன் அச்சகத்துக்குப் போயிருந்தேன். கம்பாசிட்டர் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்று பீடியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆசிரியர் உள்ளே மேசையில் இருந்தார். பாகலூர் பஸ் வந்து போன சத்தம் கேட்டுக் கொஞ்ச நேரத்தில், நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் வாசலில் வந்து நின்றார். கையில் எங்கள் பத்திரிகையின் கடைசி இதழ். அதைச் சுருட்டி, அடிக்கப் போகிறவர்போலப் பிடித்திருந்தார்.

“இதுல எழுதறது யாரப்பா?”

“எழுதறது இவரு,” என்று கம்பாசிட்டர் என்னைக் காட்டினார். “எழுத்துக் கோக்கறது நானு. போடலாமா வேண்டாமான்னு சொல்றவரு உள்ள இருக்காரு. உனக்கு யாரும்மா வேணும்?”

“மூணு பேரும் வேணும்.”

எனக்கு அவரை அடையாளம் தெரிந்தது. முந்தின வாரம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பார்த்திருந்தேன். வீட்டில் கன்னடம் பேசும் குடும்பம். கணவர் காலமான பிறகு பாகலூருக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தைத் தானே பயிர் செய்துவந்தார். அது பிறந்த வீட்டுச் சொத்து, தனக்கு வர வேண்டியது என்று அவர் தம்பி முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார். அது மெதுவாக நடந்துகொண்டிருந்தது. இதற்கிடையில் தம்பி நிலத்தில் இறங்கி வேலியைப் பிடுங்கி, தடுக்க வந்த அக்காவைத் தள்ளிவிட்டார் என்று போலீசார் பிடித்துக்கொண்டுபோனார்கள். மாஜிஸ்திரேட் அவரை ஜாமீனில் விட்டார். வழக்கு நடக்கும்வரை வெளியே இருக்கலாம், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

“எங்க நெலத்த என் தம்பிக்கு எப்பப்பா குடுத்தீங்க?” என்றார் அந்த அம்மாள்.

“நாங்க எதுவும் குடுக்கலீங்களே அக்கா.”

“குடுக்கலயா? பால் சொசைட்டி வாசல்ல நின்னுக்கிட்டுப் படிச்சுப் படிச்சுக் காட்றான். ‘தம்பிக்கு ஜமீனு, தம்பிக்கு ஜமீனு’ன்னு. நேத்து மட்டும் ஊருக்கே காப்பி வாங்கிக் குடுத்திருக்கான்.”

பத்திரிகையைப் பிரித்தேன். முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில், இப்படி இருந்தது:

பாகலூர் நிலத் தகராறு: தம்பிக்கு ஜமீன்.

ஜாமீனில் ‘ஜ’வுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய துணைக்கால் இல்லை. கிருஷ்ணகிரியிலோ ஊத்தங்கரையிலோ இதைப் படித்தவர்கள் அச்சுப்பிழை என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அங்கே ஜமீன் என்றால் அரண்மனையும் யானையும். நிலத் தகராறில் யாருக்கும் யானை கொடுக்க மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாகலூர்ப் பக்கம் பாதி வீடுகளில் கன்னடம். கன்னடத்தில் ஜமீனு என்றால் நிலம். வெறும் நிலம், உழுகிற நிலம். நிலத் தகராறில் தம்பிக்கு நிலம் என்று பத்திரிகையே சொல்லிவிட்டது. அதில் ஒரு பிழையும் இல்லாததுதான் பெரிய பிழை.

“இந்தக் கால் எங்க?” என்று கம்பாசிட்டரைக் கேட்டேன்.

அவர் எட்டிப் பார்த்தார். முகத்தில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. நினைவுபடுத்திக்கொள்ளும் பாவனைதான் இருந்தது. “அதுவா. போன வாரம் நாடக நோட்டீஸ் ஓடிச்சில்ல சார்? ‘மாபெரும் நாடக விழா, வாரீர் வாரீர்.’ பெரிய எழுத்துல இருந்த காலெல்லாம் அதுல போயிடுச்சு. மிச்சம் ரெண்டே காலு. நீங்க குடுத்த தலைப்புக்கு மூணு வேணும். பாகலூருக்கு ஒண்ணு, தகராறுக்கு ஒண்ணு, ஜாமீனுக்கு ஒண்ணு.”

“அதுக்கு?”

“யோசிச்சேன் சார். பாகலூர்ல எடுத்தா ‘பகலூர்’னு ஆவுது, அப்படி ஊரே இல்ல. தகராறுல எடுத்தா ‘தகரறு’, அது வார்த்தையே இல்ல. ஜாமீன்ல எடுத்தா ஜமீன். அது வார்த்தையா நிக்குது. நிக்கறதுல எடுக்கறதுதான நியாயம்?”

இவ்வளவு நேர்மையான தவறை நான் அதுவரை பார்த்ததில்லை. முழு வாக்கியத்தையும் எடைபோட்டு, எங்கே ஊனம் வெளியே தெரியாதோ அங்கே காலை எடுத்திருக்கிறார்.

“ஒரு காலுதானே,” என்றார் அந்த அம்மாள். அவருக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பேச்சு புரிந்துவிட்டது. “உங்களுக்கு ஒரு காலு. எனக்கு ரெண்டு ஏக்கர் ராகி. கதிரு முத்தி நிக்குது. நேத்தைக்கு அறுக்க வரேன்னு பேசின ஆளுங்க ஒருத்தரும் வரல. ‘கோர்ட்டே அவனுக்குக் குடுத்துட்டுது, நாங்க அரிவாள் வச்சா எங்களப் புடிச்சுக்கிட்டுப் போவாங்க’ன்றாங்க. மானத்தப் பாருங்க, மூடிக்கிட்டு வருது. ஒரு மழ பேஞ்சா கதிருலயே மொளச்சுடும். வருசம் பூரா களிக்கு அதுதான். நான் என்ன, இந்தப் பேப்பரக் கிண்டித் தின்னட்டுமா?”

சத்தம் கேட்டு ஆசிரியர் வெளியே வந்தார். தலைப்பைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். துடைத்ததால் கால் முளைத்துவிடவில்லை.

“ஒரு திருத்தம் போட்டுடலாம் சார்,” என்றேன்.

ஆசிரியருக்குத் திருத்தம் என்ற சொல்லே பிடிக்காது. பத்திரிகை தொடங்கிய நாளிலிருந்து ஒன்றுகூடப் போட்டதில்லை. அதற்கு அவர் சொன்ன காரணத்தை நான் இன்றுவரை வேறெங்கும் கேட்டதில்லை. “ஒண்ணத் திருத்தினா, திருத்தாததெல்லாம் சரின்னு நாமளே சொல்ற மாதிரி ஆயிடும். அதுக்கு யாரு பொறுப்பு?”

“அப்ப என் ராகிக்கு யாரு பொறுப்பு?” என்றார் அந்த அம்மாள்.

ஆசிரியர் கொஞ்சம் இறங்கிவந்தார். “சரிம்மா, வெள்ளிக்கிழமை போடறோம். நாலாம் பக்கத்துல, களிம்பு விளம்பரத்துக்குக் கீழ.”

“தம்பிக்குக் குடுத்தது எந்தப் பக்கத்துல?”

“முதல் பக்கத்துல.”

“எனக்கு மட்டும் களிம்புக்குக் கீழயா?”

கம்பாசிட்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பீடியை மறுபடியும் தேடினார். ஆசிரியரும் நியாயம் தெரிந்தவர்தான். முதல் பக்கத்தில் செய்த தவறை முதல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்துவது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் வெள்ளிவரை ராகி காத்திருக்காது என்று அந்த அம்மாள் சொன்னபோது, தனியாக ஒரு துண்டுத்தாள் அடித்து நாளையே பாகலூருக்கு அனுப்பலாம் என்று நான் சொன்னேன். அதற்கும் ஆசிரியர் தலையாட்டினார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

“அதுல என்னன்னு போடுவீங்க?” என்றார் அந்த அம்மாள்.

“ஜமீன்னு வந்தது பிழை, ஜாமீன்னு படிக்கணும்னு.”

“அத வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? நெலம் அக்காவுதுன்னு போடுங்க. அவ்வளவுதான்.”

ஆசிரியர் இரண்டடி பின்னால் போய்விட்டார். “அம்மா, அது எப்படி முடியும்? நெலம் யாருதுங்கறது முன்சீப் கோர்ட்டுல இருக்கு. அவங்க தீர்ப்புச் சொல்றதுக்கு முந்தி நாம சொல்லக் கூடாது.”

“அவனுதுன்னு போட்டீங்களே, அப்ப மட்டும் அது எந்தக் கோர்ட்டுல இருந்துச்சு?”

பத்திரிகை தர்மத்தைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ படித்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு நல்ல பதில் எங்கும் தென்படவில்லை. ஒரு பொய்யை எடுப்பதற்காக இன்னொரு பொய்யை வைக்க முடியாது. நிலம் அவருடையதாகவே இருந்தாலும் அன்றைக்கு அதை நாங்கள் சொன்னால் அது எங்களுக்குத் தெரியாத விஷயம். ஆனால் இதை ராகி முற்றிய ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள்.

“நீங்க மூணு பேரும் சேந்து அவனுக்கு நெலம் குடுப்பீங்க. திருப்பிக் கேட்டா மட்டும் கோர்ட்டக் காட்டுவீங்க,” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

“சார், நான் எழுதிக் குடுத்ததுல கடைசியா ஒரு வரி இருந்துச்சே. ஜாமீனுக்கு நிபந்தனை. அது அச்சுல காணோமே?”

ஆசிரியர் கூரையைப் பார்த்தார். “இடம் பத்தல. களிம்பு விளம்பரம் ஒரு அங்குலம் கூட வந்துடுச்சு. செய்தியோட வாலைக் கொஞ்சம் நறுக்கினேன்.”

அந்த வாலில்தான் எல்லாம் இருந்தது. வழக்கு முடியும்வரை தம்பி அந்த நிலத்தில் காலடி வைக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் நிபந்தனை போட்டிருந்தார். தலையில் ஒரு கால் போயிற்று, கடைசியில் வால் போயிற்று. நடுவில் மிஞ்சிய உடம்பு தம்பிக்குச் சாதகமாக நடந்து பாகலூர் போய்ச் சேர்ந்துவிட்டது.

“நெலம் உங்களதுன்னு போட முடியாது அக்கா,” என்றேன். “ஆனா அவரு உள்ள வரக் கூடாதுன்னு கோர்ட்டு சொன்னதப் போடலாம். அது நடந்தது. நான் காதால கேட்டேன்.”

“அது போதுமே! அத மொதல்லயே போட்டிருந்தா நான் ஏன் பஸ் ஏறி வரேன்?”

“நீ காதால கேட்டதுன்னு போட முடியாது,” என்றார் ஆசிரியர். “போன வாரமும் நீ காதாலதான் கேட்ட. இந்தத் தடவை உத்தரவைப் பாத்துட்டு வா. அப்புறம் அந்தத் தம்பியையும் பாரு. அவரு சொல்றதையும் கேக்காம அவரப் பத்தி ஒரு எழுத்து போட மாட்டேன்.”

“அவன எதுக்குக் கேக்கணும்?” என்று அந்த அம்மாள் சீறினார்.

“நாளைக்கு அவரு இப்படி வந்து நின்னா, உங்களக் கேட்டுட்டுதான் போடுவோம்.”

அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் புரிந்தது.

கோர்ட்டில் பெஞ்சு கிளார்க் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய முறையில், முடியாது என்பதில்தான் தொடங்கினார். உத்தரவின் நகல் வேண்டுமென்றால் மனு எழுதி ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுக்க வேண்டும். நகல் வருவதற்குள் அடுத்த போகம் வந்துவிடும். “பேப்பர்க்காரனுக்குக் காட்ட எனக்கு அதிகாரம் கெடையாதுப்பா,” என்றார். பிறகு என் பின்னால் நின்ற அம்மாளைப் பார்த்தார். “ஏம்மா, நீதானே புகார் குடுத்தவ? கோர்ட்டுல என்ன சொன்னாங்கன்னு உனக்குத் தெரியணுமில்ல? உனக்குப் படிச்சுக் காட்டலாம். பக்கத்துல யாரு நிக்கறாங்கன்னு நான் பாக்கல.”

வராந்தாவில் நின்று இங்கிலீஷ் உத்தரவை வரிவரியாகத் தமிழாக்கிப் படித்தார். தம்பியை ‘எதிரி’ என்றார். கோர்ட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதுதான் பெயர். “விசாரணை முடியும்வரை மேற்படி நிலத்தில் எதிரி பிரவேசிக்கக் கூடாது.”

“எதிரின்னே எழுதியிருக்காங்களா?” என்று அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. “கோர்ட்டுக்கே தெரிஞ்சு போச்சு பாருங்க!”

அது வேறு, அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தம் இல்லை என்று விளக்கப் போனேன். ஏற்கெனவே ஒரு சொல் அர்த்தம் மாறியதில்தான் இவ்வளவும் என்று நினைத்து விட்டுவிட்டேன். அச்சில் மட்டும் அந்தச் சொல் வராமல் பார்த்துக்கொண்டேன்.

அன்று மத்தியானமே கடை முதலாளியிடம் அனுமதி கேட்டேன். முழுக் கதையையும் திரும்பி வந்து சொல்ல வேண்டும் என்ற ஒரே நிபந்தனையில் விட்டார். பாகலூர் பால் சொசைட்டி வாசலில் தம்பியைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. மடியில் எங்கள் பத்திரிகை; பக்கத்தில் நாலு பேர். அக்காவைவிட ஏழெட்டு வயது இளையவர். சிரித்த முகம். என்னைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டார்.

“வாங்க சார், வாங்க! நம்ம விசயத்த எழுதினவரு இவருதான்,” என்று மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். “டேய், சாருக்கு ஒரு காப்பி சொல்லுடா.”

காப்பி வேண்டாம் என்று சொல்லி அவரைத் தனியே அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். அது அச்சுப்பிழை, கிடைத்தது நிலம் அல்ல, ஜாமீன்.

“தெரியுமே சார்,” என்றார்.

“தெரியுமா?”

“கோர்ட்டுல நின்னது நானு. எனக்குத் தெரியாதா? நெலத்துப் பக்கம் போகக் கூடாதுன்னும் சொன்னாங்க. நான் போகவும் இல்ல. பேப்பரத்தான் படிச்சுக் காட்னேன். அச்சுல வந்தத அப்படியே படிச்சா அது தப்பா சார்? ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல.”

சட்டப்படி அவரை எதிலும் பிடிக்க முடியவில்லை. எங்கள் கம்பாசிட்டரும் இவரும் நல்ல நண்பர்களாகியிருப்பார்கள்.

“அக்காவோட ராகி வீணாப் போயிடுமேன்னு தோணலயா?”

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “ராகி வீணாப் போகணும்னு நான் நெனைக்கல சார். நாலு நாளு ஊரு என்னப் பெரிய மனுசனாப் பாத்துச்சு. அவ்வளவுதான். போலீஸு புடிச்சுக்கிட்டுப் போனப்ப இதே ஆளுங்கதான் வேடிக்க பாத்தாங்க.” பிறகு சட்டென்று நிமிர்ந்தார். “சரி, மாத்திப் போடறீங்களே, நான் அவளத் தள்ளலைன்னும் போடுங்க.”

“தள்ளினீங்கன்னு நாங்க போடவே இல்லயே.”

“போடலைன்னாலும் போடுங்க.”

குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார் என்று போடுவதாகச் சொன்னேன். அது உண்மை, கோர்ட்டிலும் அவர் அதையே சொல்லியிருந்தார். அவருக்குத் திருப்தி. கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டார்: “அப்ப, நாளைக்கு வர்ற அந்த நோட்டீஸு வரைக்கும் இதப் படிக்கலாமில்ல?”

சாயங்காலம் அச்சகத்தில் துண்டுத்தாள் எழுத உட்கார்ந்தோம். ‘பிழை திருத்தம்’ என்று தலைப்பு வைத்தால் பாகலூரில் ஒருவரும் நின்று படிக்க மாட்டார்கள் என்றேன். ஆசிரியர் யோசித்து, தன் கையாலேயே எழுதினார்:

ஜாமீன் வேறு, ஜமீன் வேறு!

எங்களிடம் கன்னட எழுத்து இல்லை. ஆகவே அதற்குக் கீழே அதையே கன்னடத்தில், தமிழ் எழுத்தைக் கொண்டே எழுதினோம்: ஜாமீனு பேரே, ஜமீனு பேரே! அதன் கீழே ஆறே வாக்கியம். சென்ற இதழில் வந்த தலைப்பு எங்கள் அச்சகத்தின் பிழை. கோர்ட்டு தம்பிக்குக் கொடுத்தது ஜாமீன். நிலம் யாருக்கு என்று எந்தக் கோர்ட்டும் இன்னும் சொல்லவில்லை. வழக்கு முடியும்வரை அவர் அந்த நிலத்தில் இறங்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கிறது. அந்த வரியை விட்டது ஆசிரியரின் தவறு. தம் மீதான குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார்.

‘ஆசிரியரின் தவறு’ என்பதை நான் எழுதவில்லை. நான் ‘இடமின்மையால் விடுபட்டது’ என்று எழுதியிருந்தேன். அவர் அதை அடித்துவிட்டார். “இடம் எங்க போச்சு? நான்தான் குடுத்தேன்.” திருத்தமே கூடாது என்று காலையில் சொன்னவர்.

நாடகம் முடிந்து நோட்டீஸ் எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டாயிற்று. “இப்ப காலு எத்தன வேணும்னாலும் இருக்கு சார். இன்னும் ரெண்டு சேத்து எழுதுங்களேன்,” என்றார் கம்பாசிட்டர் தாராளமாக. கடைசிப் புரூபை நாங்கள் மூவரும் தனித்தனியே படித்தோம். பிறகு ஆசிரியர் சத்தம் போட்டு ஒரு முறை படித்தார். மிச்சமிருந்த நாடக நோட்டீஸ் தாள் ரோஸ் நிறம்; அதிலேயே அச்சடித்தோம். கோர்ட்டுச் செய்தியைவிட அது கல்யாணச் செய்திபோல இருந்தது.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் கண்டக்டரிடம் கட்டாகக் கொடுத்தனுப்பினோம். பால் சொசைட்டியில் ஒன்று, சந்தையில் ஒன்று, மாதா கோயில் வாசலில் ஒன்று என்று அந்த அம்மாளே நின்று ஒட்டவைத்திருக்கிறார். தலைப்பு எங்கள் கணக்குக்கு மேலேயே வேலை செய்தது. ஊரில் ஒருவரையொருவர் பார்த்தால் ‘ஜாமீனு பேரே’ என்பதும், மற்றவர் ‘ஜமீனு பேரே’ என்று பதில் சொல்வதும் வழக்கமாகிவிட்டதாம். தம்பி பால் ஊற்ற வந்தபோது வரிசையில் நின்ற அத்தனை பேரும் சேர்ந்து சொல்லியிருக்கிறார்கள். அவரும் சிரித்துவிட்டு, பழைய பத்திரிகையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாராம். இதெல்லாம் கண்டக்டர் சொன்னது; நான் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலையில் ஆட்கள் அரிவாளோடு வந்தார்கள். அதைப் பார்த்தேன். கடை முதலாளி, கதை பாதியில் நிற்கிறது என்று என்னைத் தானாகவே அனுப்பிவைத்தார். இரண்டு ஏக்கரும் சாய்ந்து, கட்டுகள் களத்தில் போராக அடுக்கப்பட்ட பிறகுதான் தூறல் விழுந்தது. அந்த அம்மாள் போரின் மேல் வைக்கோலை மூடிவிட்டு வானத்தைப் பார்த்து, “இப்ப பெய்யி,” என்றார். வெள்ளிக்கிழமை இதழில் முதல் பக்கத் திருத்தமும் வந்தது. களிம்பு விளம்பரத்துக்கு அந்த வாரம் ஓர் அங்குலம் குறைந்தது.

தை பிறந்து சில நாட்களில் அவர் மறுபடியும் அச்சகத்துக்கு வந்தார், தலையில் ஒரு மூட்டை ராகி மாவோடு. ஆசிரியருக்குக் களி என்றால் மிகவும் பிடிக்கும். மூட்டையை அவர் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். ஆனால் கையைக் கட்டிக்கொண்டார்.

“வாங்கக் கூடாதும்மா. வழக்கு இன்னும் நடக்குது. அதுல நீங்க ஒரு கட்சிக்காரங்க. இத நாங்க வாங்கினா, ராகிக்குத்தான் நோட்டீஸ் போட்டாங்கன்னு உங்க தம்பி சொல்வாரு. அப்ப நோட்டீஸும் பொய்யாயிடும்.”

“தீர்ப்பு வந்தப்புறம் வாங்குவீங்களா?”

“அப்ப பாக்கலாம்.”

“அதுக்குள்ள மாவு புழுத்துடுமே!”

“புழுக்கட்டும்,” என்றார் ஆசிரியர். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று குரலில் தெரிந்தது. “இன்னொண்ணு. கோர்ட்டுல எங்காளப் பாத்தா நின்னு பேசாதீங்க. பாக்கறவங்க தப்பா நெனைப்பாங்க.”

அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாய்தா அன்று நான் கோர்ட் வராந்தாவில் நின்றிருந்தேன். கூட்டம் நிறைய. வக்கீல்கள், குமாஸ்தாக்கள், ஒரு தூணுக்குப் பக்கத்தில் தம்பி. அந்த அம்மாள் படியேறி வந்தார். என்னைப் பார்த்தார். உடனே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, வராந்தா முழுதும் கேட்கும்படி உரத்த குரலில் சொன்னார்:

“இவரு யாருன்னே எனக்குத் தெரியாது! நான் இவரப் பாத்ததே இல்ல! இவருக்கு நான் ராகி மாவு எதுவும் கொண்டுபோகவே இல்ல!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தூணுக்குப் பக்கத்தில் இருந்த தம்பிதான் முதலில் சிரித்தார்.

“யாக்கே அக்கா இப்படிக் கத்தற? அவங்க மாவ வாங்கலைன்னு ஊருக்கே தெரியும். பஸ்ஸுல திருப்பி எடுத்துக்கிட்டு வந்தத நான்தானே எறக்கி வச்சேன்.”

“நீ சும்மா இரு,” என்றார் அக்கா. ஆனால் அவரும் சிரித்துவிட்டார். பிறகு பெஞ்சு கிளார்க் வந்து வழக்கின் பெயரைக் கூப்பிட, இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்பதற்காகச் சேர்ந்தே உள்ளே போனார்கள்.